மாரி முற்றத்து மழை லில்லி: இனம் பிரிப்பதும் வளர்ப்பதும்

தை, மாசி வந்தால் லண்டனில் இருக்கிற உறவுகள் பனிக்குள்ளால் தலை நீட்டும் ஸ்னோட்ராப் பூவைப் படம் எடுத்து அனுப்பி, "இது எங்கட ஊரில் வருமோ?" என்று கேட்பார்கள். வராது. அந்தக் கிழங்குக்குப் பல வாரம் நல்ல குளிர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், யாழ்ப்பாணத்து மார்கழி இரவு எவ்வளவு பனித்தாலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. பிரிட்ஜில் வைத்து எடுத்து நடலாம் என்று சிலர் சொல்வார்கள், ஒருமுறை பூத்தாலும் அடுத்த வெயிலுக்கு அது தாங்காது, காசுக்குக் கேடு.

ஆனால் அதே அமரில்லிடேசியே குடும்பத்துப் பிள்ளை ஒன்று எங்கள் மாரிக்கென்றே செய்தது போல இருக்கிறது: மழை லில்லி, தாவரவியல் பெயர் செபிராந்தஸ். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டங்கள் என்றாலும் இங்கே வாசற்படி ஓரத்திலும் கிணற்றடியிலும் எத்தனையோ வீடுகளில் நிற்கிறது. பலர் அதை "அந்தச் சின்ன றோஸ் பூ" என்பதோடு விட்டுவிடுகிறார்கள், அந்த ஒரு பெயருக்குள் இரண்டு மூன்று இனம் கலந்து கிடப்பது தெரியாமல்.

இனம் பிரிக்கிற வேலையை இலையில் தொடங்குங்கள். ஸ்னோட்ராப் சேர்க்கிற ஆட்களும் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு இலையும் தட்டையாக ஒன்றோடொன்று முகம் பொருந்தி வந்தால் கலாந்தஸ் (ஸ்னோட்ராப்பின் தாவரவியல் பெயர்) நிவாலிஸ், சாம்பல் பூத்த அகல இலை ஒன்று மற்றதைச் சுற்றி அணைத்திருந்தால் எல்வெசியை, இலையின் ஓரம் பின்பக்கமாக மடிந்திருந்தால் பிளிக்காட்டஸ். உள் இதழில் இருக்கிற பச்சைப் பொட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு. மழை லில்லிக்கு இந்த முறை இன்னும் அவசியம், ஏனென்றால் ஒரு பூ நிற்பது ஓரிரு நாள்தான், மிச்ச மாதமெல்லாம் உங்கள் கண்ணுக்கு இருப்பது இலை மட்டுமே.

வெள்ளையில் தொடங்குவோம், அது சுலபம். செபிராந்தஸ் கண்டிடா. இலை வெங்காயத் தாள் மாதிரி ஒடுங்கி, தடிப்பாக, நிமிர்ந்து நிற்கும், ஆனால் உள்ளே பொள்ளலாக இராது, கசக்கினால் வெங்காய மணமும் வராது. பூ சுத்த வெள்ளை, கேசரம், அதாவது மகரந்தம் சுமக்கிற பகுதி, நல்ல செம்மஞ்சள். தண்ணீர் கிடைத்தால் வருசம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும் என்பதால் பாத்தி ஓரத்துக்கு இதைவிட நல்லது இல்லை.

குழப்பம் எல்லாம் றோஸ் நிறத்தில்தான். பெரிய றோஸ் என்பது கரினாட்டா, பழைய பெயர் கிராண்டிபுளோரா, கடைகளில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது. இதன் இலை தட்டை, புல்லைவிட அகலம், நல்ல மண்ணில் 7 அல்லது 8 மில்லிமீற்றர் வரும், அடியில் கொஞ்சம் செம்மை தெரியும். பூ விரிந்தால் 6, 7 சென்ரிமீற்றர் இருக்கும், நடுவில் நிற்கிற குறி (பூவின் பெண்பாகத்து நுனி) மூன்றாகப் பிரிந்து கேசரங்களுக்கு மேலே தெரியும். சின்ன றோஸ் என்பது ரோசியா, இலை ஒடுக்கம், பூ கரினாட்டாவில் பாதிதான் வரும், தொண்டையில் பச்சை பளிச்சென்று தெரியும். நிறத்தை மட்டும் பார்த்து இவை இரண்டையும் பிரிக்க முடியாது, நிழலில் நின்றால் கரினாட்டாவும் வெளிறிப்போகும். அளவுகோலை வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு றோஸ் இருக்கிறது, ரொபஸ்டா. மற்றவை வானத்தைப் பார்த்துப் பூக்க, இது ஒருபக்கம் சாய்ந்து பூக்கும், வெளிறிய றோஸ், கேசரங்களை எண்ணிப் பார்த்தால் நாலு வேறு உயரங்களில் நிற்கும். முன்னர் ஹப்ராந்தஸ் என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், 2019இல் வந்த வகைப்பாட்டில் அதையும் செபிராந்தஸுக்குள் போட்டுவிட்டார்கள். ஆகவே பழைய குறிப்பில் ஒரு பெயரும் புதியதில் வேறு பெயரும் இருந்தால் பயப்பட வேண்டாம், கன்று ஒன்றுதான்.

மஞ்சள் என்றால் சிட்ரினா, ஒடுங்கிய இலை, விதை கொட்டிக் கொட்டித் தானாகவே பரவும். அதற்கும் வெள்ளைக்கும் பிறந்த கலப்பு அஜாக்ஸ், நிறம் வெண்ணெய் மஞ்சள். அப்புறம் இணையத்தில் "கலர் மிக்ஸ்" என்று வருகிற தாய்லாந்துக் கலப்பினங்கள், அடுக்கு இதழ், கோடு போட்டது, செம்மஞ்சள் என்று ஏராளம். அழகுதான், ஆனால் பொதியில் இருக்கிற பெயரை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள், பூத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நடுகை. ஆவணிக் கடைசியில் இருந்து புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும், ஐப்பசி மழைக்கு வேர் ஓடியிருக்க வேண்டும். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் இதற்குப் போதும், தண்ணீர் நிற்காது, கொஞ்சம் மாட்டெருவும் பூவரசங்குழையும் புதைத்தால் வேறொன்றும் தேவையில்லை. கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கிற மாதிரி, நாலு விரல் இடைவெளியில் வையுங்கள், தனித்தனியாக அல்ல, பத்துப் பன்னிரண்டு சேர்த்துக் கூட்டமாக. ஒற்றைக் கிழங்கு பூத்தாலும் கண்ணில் படாது. வயல் சார்ந்த களிமண் வளவென்றால் வெள்ளை மட்டும் தாக்குப்பிடிக்கும், மற்றவை அழுகும், பாத்தியை உயர்த்துங்கள். வடமராட்சிக் கரையோர மணலில் எரு கூடுதலாகப் போட வேண்டும். தீவுப் பகுதியில் உவர்க் கிணறு உள்ளவர்கள் சாடியில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுவதே நல்லது. சாடிக்கு மண், மணல், தும்புச்சோறு, கூட்டெரு கலந்தால் போதும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணக்கல்லுக்கு மேலே குடியிருக்கிறோம், கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். இந்தத் தண்ணீரையே மாதக்கணக்காக ஊற்றினால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாமல் போவதால் வருவது அது. உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் குழையும் கூட்டெருவும் போட்டு, மழைத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.

பூக்க வைக்கிற சூட்சுமம் காயவிட்டு நனைப்பது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், இலை வாடினாலும் கிழங்கு சாகாது. நல்ல மழை ஒன்று விழுந்து மூன்று நாலு நாளில் மொட்டு மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும். சித்திரையில் இடி மழை பெய்தால் அப்போதும் பெரிய றோஸ் பூக்கும். தினமும் ஒரு செம்பு ஊற்றிச் சீராட்டுகிற வீட்டில்தான் "இலை மட்டும் வருகுது, பூவைக் காணேல்லை" என்ற முறைப்பாடு வரும். நிழலும் இன்னொரு காரணம், பூவுக்கு அரைநாள் வெயிலாவது வேண்டும், மாமரத்துக்குக் கீழே வைத்துவிட்டு எதிர்பார்க்காதீர்கள்.

பூத்த அன்றே படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலைக்குப் பக்கத்தில் அளவுகோலோடு ஒன்று. வெள்ளைத் தயிர்க் கோப்பையைக் கீறிப் பென்சிலால் பெயர் எழுதிக் குத்திவிடுங்கள், மார்க்கர் மை ஒரு வெயிலுக்கே போய்விடும்.

பூச்சியில் கவனிக்க வேண்டியது கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் புள்ளியும் உள்ள மயிர்க்கொட்டி போன்ற ஒரு புழு. கார்த்திகைப் பூவை மொட்டையடிக்கிறதும் அதுதான், இரண்டும் பக்கத்தில் நின்றால் இதிலும் ஏறும். கையுறை போட்டுப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீருக்குள் போடுங்கள். மாரியில் நத்தையும் வரும், இரவில் ரோர்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டும், உப்புப் போடாதீர்கள், மண்தான் கெடும்.

இதைக் கட்டாயம் வாசியுங்கள்: கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், உள்ளே லைகோரின் என்ற நஞ்சு. தின்றால் சத்தி, வயிற்றோட்டம். வெங்காயம் காயப்போடுகிற கொட்டிலில், வெங்காயப் பையில் இதை வைக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் நறுக்கி மணந்து பாருங்கள், வெங்காய மணம் இல்லாவிட்டால் சமையலுக்கு இல்லை. ஆட்டுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெருக்குவது சுலபம். மூன்று வருசத்துக்கு ஒருக்கால் கூட்டத்தைக் கிளப்பிப் பக்கக் கிழங்குகளைப் பிரித்தால் போதும், கரினாட்டாவுக்கு இதுதான் வழி. சிட்ரினாவுக்கு விதை. காய் மூன்று புடைப்பாக வந்து வெடிக்கத் தொடங்கும்போது கறுத்த, கடதாசி மாதிரி மெல்லிய விதையை எடுத்து உடனேயே மணல் கலந்த மண்ணில் தூவுங்கள், ஒன்றிரண்டு கிழமையில் முளைக்கும், பூவுக்கு ஒன்று இரண்டு வருசம் பொறுக்க வேண்டும். பழைய விதையை வாங்காதீர்கள், அநேகமாக முளைக்காது. யாருக்காவது கிழங்கு கொடுப்பதானால் பெயர்ச்சீட்டையும் சேர்த்துக் கட்டுங்கள், பெயர் தெரியாதென்றால் இலை அகலத்தையும் பூ நிறத்தையும் எழுதிக் கொடுங்கள், மிச்சத்தை அவர்கள் அடுத்த ஐப்பசியில் பார்த்துக்கொள்வார்கள்.