பொறுமையோடு வளரும் சபை: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குக் கன்வென்ஷன் கூட்டம் புதிதல்ல. தென்னந்தோப்பிலோ பள்ளி மைதானத்திலோ பந்தல், மூன்று இரவுகள், வெளியூர்ப் பிரசங்கியார், கடைசி இரவில் வாழ்வை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதற்கான அழைப்பு. முன்னால் வந்து முழங்காலிட்டவர்களை எண்ணி, அடுத்த ஞாயிறு ஆராதனையில் அந்த எண்ணிக்கையை அறிவிப்பதும் உண்டு. அந்த இரவுகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என் வாழ்விலும் அப்படி ஓர் இரவு இருக்கிறது. ஆனால் ஓய்வுநாள் பாடசாலையிலும் சபைக் கமிட்டியிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து பார்த்ததில், நம்முடைய தவறுகளில் பெரும்பாலானவை அந்த இரவை விதைப்பு என்று கொள்ளாமல் அறுப்பு என்று கொள்வதில்தான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன். மாற்கு நான்காம் அதிகாரத்தில் வரும் விவசாயி விதைத்துவிட்டு இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். விதை முளைத்து வளரும் விதம் அவனுக்கே தெரிவதில்லை. முதலில் முளை, பின்பு கதிர், அதற்கும் பின்புதான் நிறைந்த தானியம்.

இவற்றுள் மிகப் பெரிய சேதத்தை உண்டாக்குவது, புதிதாக விசுவாசத்திற்குள் வந்தவரை அவசரமாக மேடையேற்றும் தவறு. குலசேகரம், அருமனை, களியல் பக்கத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்று நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகி, நெஞ்சுயரத்தில் தண்டின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த பிறகே பால் வெட்டத் தொடங்குவார்கள். மரம் பார்ப்பதற்குத் தளதளவென்று நிற்கிறதே என்று முன்கூட்டிக் கத்தி வைத்தால், பாலும் சொற்பம், மரமும் அதன்பின் பருக்காது. வெட்டு ஆழமாகி உள்மரத்தைத் தொட்டுவிட்டாலோ, ஆறிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிற்காலத்தில் அந்த இடத்தில் சீராக வெட்டவே முடியாமல் போகும்.

எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. பல ஆண்டுகள் குடியில் கிடந்த ஒரு தம்பி, ஒரு கன்வென்ஷனின் கடைசி இரவில் முன்னால் வந்தார். மெய்யாகவே குடியை விட்டார். நாங்கள் சந்தோஷப்பட்டதோடு நிற்கவில்லை. நான்கு மாதத்திற்குள் ஒன்பது இடங்களில் அவரைச் சாட்சி சொல்ல வைத்தோம். இளைஞர் ஐக்கியத்தில் பொறுப்பும் கொடுத்தோம். ஒவ்வொரு மேடையிலும் அவருடைய பழைய வாழ்க்கை சற்றுக் கறுப்பாகவும் புதிய வாழ்க்கை சற்று வெள்ளையாகவும் ஆகிக்கொண்டே போனதைக் கவனித்தும் நாங்கள் தடுக்கவில்லை. ஐந்தாம் மாதம், ஒரு கல்யாண வீட்டில் தவறினார். அன்றிரவே அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சபை முழுவதும் சுற்றியது; அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் ஆலயப் படியேறவில்லை. பிறகொரு நாள் சந்தையில் பார்த்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “அண்ணே, நான் அப்போ ஒரு சங்கீதத்தைக்கூட முழுசா வாசிச்சதில்ல. அதுக்குள்ள என்னைப் பிரசங்கியாரா ஆக்கிட்டீங்க.”

கண்காணிப்புப் பொறுப்பைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது ‘நூதன சீஷன்’ கூடாது என்று பவுல் எச்சரிப்பதை எல்லாருமே வாசித்திருக்கிறோம். அப்படியானால் பவுல் தமஸ்குவில் உடனடியாகப் பிரசங்கிக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். பிரசங்கித்தார். ஆனால் அவரே கலாத்தியருக்கு எழுதும்போது, இடையில் அரபி தேசத்திற்குப் போனதையும், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே எருசலேமுக்குச் சென்றதையும் சொல்கிறார். அந்தியோகியா சபையார் அவர்மேல் கைகளை வைத்து ஊழியத்திற்கு அனுப்பியது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. புதியவர்களுக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்பது என் கருத்தல்ல. நாற்காலி போடலாம், வீடு வீடாகச் சேர்ந்த பிடி அரிசியை அளந்து கணக்கெழுதலாம், சுகவீனமானவர்களைப் பார்க்கப் போகும் குழுவோடு போகலாம். ஓராண்டுக்கேனும் ஒலிபெருக்கியை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதிருப்போம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது பொறுமை என்ற பெயரிலேயே நடமாடுவதால் பிடிபடுவதில்லை. ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நாம் ஜெபிப்போம்’ என்று சொல்லிவிட்டு, ஆலயத்திற்கு வராமல் போனவரின் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பது. லூக்கா பதின்மூன்றில் மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத அத்திமரத்திற்கு இன்னும் ஓராண்டு கேட்ட தோட்டக்காரன், வெறுமனே தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தன் வேலையையும் சேர்த்தே சொன்னான். எங்கள் சபையில் மணியடிக்கும் பெரியவர் அந்தத் தம்பியின் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் சைக்கிளில் போவார். திண்ணையில் உட்கார்ந்து, மரச்சீனி (மரவள்ளி) நட்டாயிற்றா, மழை எப்படி என்று விசாரிப்பார். ஆலயத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார். புறப்படும்போது ஒரு சிறு ஜெபம், அவ்வளவுதான். கமிட்டி தீர்மானம் எதுவும் இல்லாமல், யாரும் கேட்காமல், இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. அந்தத் தம்பி திரும்பி வந்தபோது பின்வரிசையில் செருப்பு கழற்றும் இடத்திற்கு அருகில் வந்து உட்கார்ந்தார். இப்போதும் அதுவே அவருடைய இடம்.

யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவனை உதாரணம் காட்டுகிறார். இதை நம் மாவட்டத்து வாசகர்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நமக்கும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் உண்டு. ஒரு மழைக்கு ஒரு விளைச்சல் என்பது நம் கணக்கு. யாக்கோபு சொல்லும் நாட்டிலோ கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பெய்யும் முன்மாரி நிலத்தை இளக்கி விதைக்க உதவும். பங்குனி வாக்கில் வரும் பின்மாரி அதே பயிரின் மணியை முற்ற வைக்கும். ஒரே பயிருக்கு இரண்டு மழையும் வேண்டும். ஆகவே முதல் மழையில் நனைந்தவுடனே கதிரைத் தேடுவது எவ்வளவு தவறோ, முதல் மழையோடு எல்லாம் கிடைத்துவிட்டது என்று வரப்பைவிட்டு ஏறிவிடுவதும் அவ்வளவு தவறு. திடப்படுத்தல் ஆராதனை முடிந்து முதல் திருவிருந்து எடுத்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் ஒரு வகுப்பும் வைக்காமல் விட்டுவிடும் சபைகள் இந்த இரண்டாவது தவறைத்தான் செய்கின்றன.

ஒரு சபையில் ஆசீர்வாதம் தெரியவில்லை என்று ஆறு மாதத்திற்கொரு முறை சபை மாறுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிடுங்கிப் பிடுங்கி நடும் கன்று வேர் விடாது. அது அவர்களுக்கும் தெரியும்.

புதுப் போதகர் வந்த ஓராண்டுக்குள் சபை மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொன்று. மயிலாடி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே அங்கே வந்ததையும் 1809-ல் ஆலயம் எழும்பியதையும் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்த மிஷனரி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைக்குச் சென்று விசுவாசத்தைப் பெற்றுத் திரும்பி, தன் ஊரில் தன் உறவினர்களோடு காத்திருந்தவர் மகராசன் வேதமாணிக்கம். 1816-ல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி விடைபெற்ற பிறகு, அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேரும்வரை சபையைத் தாங்கியவரும் அவரே. போதகர் இல்லாத ஆண்டுகளைக் கடந்துதான் அந்தச் சபை நிலைத்தது. போதகர் மாற்றலாகிப் போன மறுமாதமே வீட்டுக் கூட்டத்தை நிறுத்திவிடும் நாம், அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

கடைசியாக, பொறுமை என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்று எண்ணும் தவறு. பயிரிடுகிறவனைச் சொன்ன அதே அதிகாரத்தில் யாக்கோபு யோபுவின் பொறுமையையும் சொல்கிறார். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளைக்கு, அவர் துன்பத்தில் இருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்திருந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் எடுத்துச் சொன்னதும் யோபுவின் கதைதான். 1745-ல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படி நம் மண்ணின் வரலாற்றிலேயே கலந்துவிட்ட யோபுவை நாம் இரண்டு அதிகாரங்களோடு மூடிவிடுகிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதியில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் நாங்கள் சிலர் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். மகனைக் காணாத ஒரு வீட்டில், எங்களோடு வந்தவர், நல்ல எண்ணத்தோடுதான், “பொறுமையா இருங்க அம்மா, யோபுவை நினைச்சுப் பாருங்க” என்றார். அந்த அம்மா தலைநிமிர்ந்து, “யோபு பொறுமையாவா இருந்தாரு? முழுசும் வாசிச்சிருக்கியளா, தம்பி?” என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. வெயில் சாயும்வரை அந்தத் திண்ணையிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்து உள்ளே போய் எங்களுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தார்.