மிஸ் மார்ப்பிள் நாவல்களைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் மீசைக்காரத் துப்பறிவாளரான ஹெர்க்யூல் புவாரோதான். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான ஜேன் மார்ப்பிள் அவரிடமிருந்து முற்றிலும் வேறுபட்டவர். செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் தனியே வாழும் மணமாகாத மூதாட்டி. வெள்ளை முடி, நீலக் கண்கள், கையில் எப்போதும் கம்பளிப் பின்னல். துப்பறிவதற்குப் பதவியும் கிடையாது, கட்டணமும் கிடையாது. 1927 டிசம்பரில் ஒரு சிறுகதையில் அறிமுகமான இவருக்கு மொத்தம் 12 நாவல்களும் 20 சிறுகதைகளும் உண்டு.

இவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "முப்பது பக்கம் டீ குடித்துக்கொண்டே ஊர்வம்பு பேசுகிறார்கள், கதை எப்போது தொடங்கும்?" என்று கீழே வைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த வம்புதான் கதை. அதை எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

படி 1: எதில் தொடங்குவது

வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1930இல் வந்த முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்', ஊர்ப் பாதிரியார் சொல்வதாக எழுதப்பட்டது. நகைச்சுவை ததும்பும் நாவல்தான். ஆனால் அதில் மார்ப்பிள் சற்று வெடுக்கென்ற ஆள், பாத்திரங்களும் ஒரேயடியாக வந்து குவிகிறார்கள். இரண்டாவதாகப் படிக்கலாம்.

என் பரிந்துரை 1950இல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. இன்ன வீட்டில், இன்ன நாளில், மாலை 6.30 மணிக்கு ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளவும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகிறது. பேப்பர் போடும் பையன் வீடுவீடாகப் போகிறான். ஒவ்வொரு வீட்டிலும் அந்த விளம்பரத்தைப் படித்து என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று முதல் அத்தியாயம் காட்டுகிறது. ஊரையே வாசகருக்கு அறிமுகப்படுத்த இதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது.

ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வராதவர்கள் 1932இல் வந்த 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' தொகுப்பை எடுக்கலாம். பதின்மூன்று சிறுகதைகள். சில பேர் கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்ல, லண்டன் காவல்துறையான ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் தலைவர்கூடத் திணறும் இடத்தில் மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் பாட்டி விடையைச் சொல்லிவிடுவார்.

'தி மூவிங் ஃபிங்கர்' நல்ல நாவல். ஆனால் மார்ப்பிள் அதில் வெகு தாமதமாகத்தான் வருகிறார். அவரைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

படி 2: ஒரு தாளும் பென்சிலும்

பெயர்களை வீடு வாரியாக எழுதுங்கள். ஒரே ஆளை ஊரார் கர்னல் என்பார்கள், மனைவி செல்லப்பெயரில் கூப்பிடுவார், பணிப்பெண் 'எஜமான்' என்பாள். மூன்றும் ஒருவர்தான் என்று குறித்து வைக்காவிட்டால் ஐம்பதாவது பக்கத்தில் தலை சுற்றும். சமையல்காரி, தோட்டக்காரர் யாரையும் விட்டுவிட வேண்டாம்.

பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதற்கு அம்புக்குறி போடுங்கள். குடும்ப வக்கீல் உயிலைப் பற்றிப் பேசும் பக்கங்கள் வறட்சியாகத்தான் இருக்கும். அவற்றைத்தான் மெதுவாகப் படிக்க வேண்டும்.

சில வழக்கங்கள் தெரிந்திருந்தால் நல்லது. விக்கர் என்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் ஊர்ப் பாதிரியார். அவருக்கு மனைவி இருப்பது இயல்பு. இன்க்வெஸ்ட் என்பது மரணம் எப்படி நேர்ந்தது என்று முடிவுசெய்யும் விசாரணை மட்டுமே, குற்றவாளியைத் தண்டிக்கும் வழக்கு அல்ல. பிரிட்டனில் கொலைக்கு மரண தண்டனை 1965 வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே பெரும்பாலான கதைகளில் மார்ப்பிள் விரல் நீட்டும் ஆள் தூக்குமேடைக்குப் போகக்கூடும். இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், சாந்தமான அந்தப் பாட்டி கொஞ்சம் பயமுறுத்துவார்.

படி 3: பார்த்ததும் சொன்னதும்

இந்த நாவல்களின் திறவுகோல் இதுதான். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு செய்தியையும் பார்த்து, இது நம் கண் முன்னால் நடந்ததா, அல்லது யாரோ சொன்னதா என்று கேளுங்கள்.

பயிற்சிக்காக நானே எழுதிய ஓர் எடுத்துக்காட்டு. பெரிய வீடொன்றில் முதியவர் ஒருவர் இறந்துகிடக்கிறார். தம்பி மகள் சொல்கிறாள்: "ஐந்து மணிக்குப் பெரியப்பா ஃபோன் செய்தார். ஜலதோஷத்தால் குரல் கம்மியிருந்தது. ஏழு மணிக்கு வரச் சொன்னார்." இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் 'மாலை 5: உயிருடன் இருந்தார்' என்று எழுதிக்கொள்கிறார்.

நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டால் ஆசிரியர் வென்றுவிட்டார். ஃபோன் வந்தது என்று அவள் சொன்னாள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஃபோனே வராமல் இருந்திருக்கலாம். வந்திருந்தாலும் கம்மிய குரல் யாருடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றப்பட்டிருக்கிறாள். பேசியது பெரியப்பாவேதான் என்றாலும் எங்கிருந்து பேசினார்? அந்த ஜலதோஷம் அங்கே எதற்காக வருகிறது? காலையில் அவர் தும்மினார் என்று வேறு யாராவது சொன்னார்களா? சமையல்காரி சிற்றுண்டியைப் பற்றிப் புலம்பிய பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்தப் புலம்பலைத் தாண்டிக் குதித்திருந்தால் இப்போது மாட்டிக்கொண்டீர்கள்.

மார்ப்பிள் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய நாவல்களில் இந்த அவநம்பிக்கைக்கு வலுவான காரணமும் கிடைக்கிறது. முன்பு ஒருவர் ஊருக்குக் குடிவந்தால் அவரை அறிந்தவர்கள் யாராவது கடிதம் எழுதி அறிமுகம் செய்வார்கள். போருக்குப் பிறகோ முன்பின் தெரியாதவர்கள் வீடு வாங்கி வந்து குடியேறுகிறார்கள். அவர்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களே சொல்லிக்கொண்டதுதான்.

படி 4: இறால் காணாமல்போன கதையைக் கவனியுங்கள்

முதல் சிறுகதையில் எல்லோரும் தீர்க்கப்படாத மர்மங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, மார்ப்பிள் ஒரு மர்மம் சொல்கிறார்: திருமதி கேரதர்ஸ் கடையில் இறால் வாங்கினார், வேறு இரண்டு கடைகளுக்குப் போனார், வீட்டுக்கு வந்து பார்த்தால் இறாலைக் காணோம். எழுத்தாளரான மருமகன் (உடன்பிறந்தாரின் மகன்) ரேமண்ட் வெஸ்ட் உள்பட யாருக்கும் அது பொருட்டாகப் படவில்லை. இந்த மாதிரி இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். மனித சுபாவம் எங்கும் ஒன்றுதான், கிராமத்தில் அதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது என்பது மார்ப்பிளின் கட்சி. ஒருவரைப் பார்த்ததும் கிராமத்தில் தமக்குத் தெரிந்த யாரையோ அவர் நினைத்துக்கொண்டால், அந்த யாரோ என்ன தவறு செய்தார் என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

இடையில் ஒன்று. வெளிநாட்டவரையும் பணிப்பெண்களையும் இந்த நாவல்கள் கேலி செய்யும் விதம் பல இடங்களில் எரிச்சலூட்டும். எனக்கும் ஊட்டுகிறது. ஆனால் 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலில் தாம் வேலை பழக்கிய ஓர் ஏழைப் பெண்ணுக்காக மார்ப்பிள் கொள்ளும் கோபம் உண்மையானது. தொடரிலேயே அவர் எனக்கு மிகவும் பிடித்துப்போவது அங்கேதான்.

படி 5: கடைசி மூன்று அத்தியாயங்களுக்கு முன்னால் நிறுத்துங்கள்

புத்தகத்தை மூடி, தாளில் ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். 'இவரோ அவரோ' என்று எழுதுவது செல்லாது. பெயருக்குக் கீழே காரணம் ஒரு வரி. பிறகு முடித்துவிடுங்கள். தவறாகியிருந்தால், உங்களை ஏமாற்றிய உரையாடலைத் தேடி எடுத்து மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அதில் பொய்யே இருக்காது; நீங்களாகச் சேர்த்துக்கொண்டதுதான் இருக்கும். இந்தத் தேடல், எனக்கு முதல் வாசிப்பைவிட ருசியானது.

அதுவரை இணையத்தில் நாவலின் பெயரைத் தட்டவே கூடாது. விக்கிப்பீடியா கொலையாளியைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடும்.

படி 6: பிறகு திரை, பிறகு அடுத்த நாவல்

1984 முதல் 1992 வரை பிபிசிக்காக ஜோன் ஹிக்சன் 12 நாவல்களின் தொலைக்காட்சி வடிவங்களிலும் மார்ப்பிளாக நடித்தார். நாவலோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே ஏற்றது. 2004இல் தொடங்கிய ஐடிவி தொடரைப் புத்தகத்துக்குப் பதிலாகப் பார்க்காதீர்கள்: சில கதைகளில் கொலையாளியே மாறிவிட்டார், மார்ப்பிள் இல்லாத நாவல்களிலும் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்து '4.50 ஃப்ரம் பேடிங்டன்'. பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் ஒரு பெண்ணின் கழுத்து நெரிக்கப்படுவதை மார்ப்பிளின் தோழி பார்க்கிறார். உடல் கிடைக்காததால் யாரும் நம்புவதில்லை. அதற்குப் பிறகு எதையும் எடுக்கலாம், ஒரே ஒரு நிபந்தனையுடன்: 1971இல் வந்த 'நெமிசிஸ்' நாவலுக்கு முன் 1964இல் வந்த 'எ கரீபியன் மிஸ்டரி'யைப் படித்திருக்க வேண்டும். 'நெமிசிஸ்' நாவலில் கடிதம் மூலம் வேலை கொடுக்கும் பணக்காரக் கிழவர் 'எ கரீபியன் மிஸ்டரி'யில்தான் அறிமுகமாகிறார். ஆசிரியர் மறைந்த 1976இல் வெளியான 'ஸ்லீப்பிங் மர்டர்' பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டது. அதில் மார்ப்பிள் 'நெமிசிஸ்' நாவலில் இருப்பதைவிடத் துடிப்பாக நடமாடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.