வேலைக்கு ஆள் எடுக்குமுன் விசாரிப்பவர்களுக்கு

கொழும்பில் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ சிறிய கடை, அலுவலகம் நடத்துகிறவர்கள் புது ஆளைச் சேர்க்குமுன் நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். விசாரிக்கலாம், தப்பில்லை. ஆனால் இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்துச் செய்யுங்கள். குற்ற வழக்கு, தண்டனை, உடல்நலம், இனம், மதம் பற்றிய விவரங்களை அது விசேட வகைத் தரவாக, அதாவது கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தரவாகப் பார்க்கிறது.

முதலில் உங்கள் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பழைய படிவங்களில் ‘இனம்’, ‘மதம்’ என்று இரண்டு கட்டங்கள் இன்னும் இருக்கும். கணக்கு எழுத வருபவரிடம் அது எதற்கு? வெட்டிவிடுங்கள்.

அப்புறம், விண்ணப்பதாரரிடம் தனித்தாளில் ஒப்புதல் வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்: “என் முன்னைய வேலை, கல்விச் சான்றிதழ்கள் பற்றி இந்த வேலைக்காக மட்டும் விசாரிக்கச் சம்மதிக்கிறேன்.” யாரிடம் விசாரிப்பீர்கள் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். இப்போது வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போன் போட்டால், பாவம், அந்த ஆளுக்கு இருக்கிற வேலையும் போய்விடலாம்.

பொலிஸ் அறிக்கை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் தேவை என்றால் அவரையே எடுத்துவரச் சொல்லுங்கள். தெரிந்த பொலிஸ்காரரிடம் ரகசியமாகக் கேட்கும் பழக்கம் வேண்டாம். அந்த அறிக்கையையும் சான்றிதழையும் எல்லாரிடமும் கேட்காமல், காசு கையாளும் வேலை போல் உண்மையில் தேவைப்படும் இடத்தில் மட்டும் கேளுங்கள்.

தெரிவாகாதவர்களின் அடையாள அட்டைப் போட்டோகொப்பிகளை வருடக்கணக்கில் கோப்பில் வைத்திருக்காமல் கிழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் வந்தவற்றையும் அழியுங்கள்.