ரெண்டு லேப்டாப், 26 பிள்ளைகள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு எல்.பி. (தொடக்க) பள்ளியில் தமிழ் மீடியம் நாலாம் வகுப்புக்கு நான் டீச்சர். வகுப்பில் 26 பிள்ளைகள், எங்களுக்கென்று ரெண்டு லேப்டாப். உங்கள் பள்ளியும் இப்படித்தான் என்றால், கம்ப்யூட்டர் சொல்லித்தர நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் ரெண்டு வாரம் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். வராந்தாவில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். ஒரு மூலையில் ஒரு பிள்ளை ரோபோவாக நிற்கட்டும், எதிர் மூலையில் ஒரு தேங்காயை வையுங்கள். ரோபோ தேங்காயை எடுக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் தாளில் வரிசையாக எழுத வேண்டும். எழுதியதை ஒருவர் வாசிக்க, ரோபோ அதை அப்படியே செய்யும். சொந்தமாக யோசித்து நகரக் கூடாது.

எங்கள் பிள்ளைகள் மூன்றாவது வரியில் 'திரும்பு' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ரோபோவாக நின்றவள் அசையவில்லை. "திரும்புடீ!" என்று ஒரே கூச்சல். அவள் கண்ணைக்கூட உருட்டவில்லை. கடைசியில் ஒருவன் தாளை வாங்கி, முன்னால் 'வலப்பக்கம்' என்று சேர்த்தான், அவள் திரும்பினாள். கம்ப்யூட்டருக்கு எழுதும்போதும் இப்படித்தான் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவார்கள் என்று அந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் லேப்டாப். போனில் பழகிய விரல் திரையைத்தான் முதலில் தள்ளும், திட்டாதீர்கள். பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு கைட் என்ற கேரள அரசு நிறுவனம் தரும் லினக்ஸில் ஜிகாம்ப்ரிஸ் என்ற சிறுவர் விளையாட்டுத் தொகுப்பு இருக்கிறது. அதிலுள்ள மவுஸ் விளையாட்டுகளை ஜோடி ஜோடியாகப் பத்து நிமிஷம் விளையாடினால் கை தானாகப் படியும். படம் வரையும் டக்ஸ் பெயின்ட்டுக்கு யாரும் சொல்லித் தரவே தேவையில்லை. தமிழ் டைப்பிங்கை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், நடுவில் புள்ளி தானாக விழும். அந்தப் புள்ளி விழுவதைப் பார்க்கவே வரிசையில் நிற்பார்கள்.

இனி பாதுகாப்பு. எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். எங்கள் ஊரில் போனுக்கு மெசேஜ் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வரும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா, "என்ன வந்திருக்குன்னு பாரு கண்ணு" என்று போனைப் பிள்ளையிடம்தான் நீட்டுவார். வீட்டுக்கே வாசித்துச் சொல்வது இந்த ஒன்பது வயதுப் பிள்ளைதான். அதனால் நான் அட்டைகளில் மெசேஜ் எழுதிக் கொடுப்பேன்: கரண்ட் பில், பள்ளி விடுமுறை, ஓ.டி.பி., 'பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அழுத்தவும்'. எதைச் சத்தமாக வாசிக்கலாம், எதை அம்மா காதில் மட்டும் சொல்ல வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பிள்ளைகளே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். போனில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது வந்த நம்பரை வாசிக்கவே கூடாது. பணம் நமக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் தேவையில்லை, யாராவது கேட்டால் அது ஏமாற்று. இந்த ரெண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

போன வருஷம் என் வகுப்புப் பையன் ஒருவன் அப்படி ஒரு லிங்கை அழுத்திவிட்டான். அம்மாவின் கணக்கிலிருந்து 3,200 ரூபாய் போனது. அடிக்குப் பயந்து ரெண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பணம் போன உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டால் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. அந்த ரெண்டு நாளில் அந்த வழி அடைபட்டுப் போனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் 1930, குழந்தைகள் உதவி எண் 1098 ரெண்டையும் எழுத வைக்கிறேன். முதல் பி.டி.ஏ. கூட்டத்தில் பெற்றோரைப் பிள்ளைக்கு எதிரே உட்கார வைத்து ஒரு வாக்கு கேட்கிறேன். எனக்குக் கையெழுத்து வேண்டாம், வாயால் சொல்ல வேண்டும். இந்த வருஷம் கள்ளிறக்கப் போகும் ஒரு அப்பா, வேலைக்கு நேரமாகிறது என்று வாசல் வரை போனவர் திரும்பி வந்து மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "எதை அழுத்தினாலும் சரி, அப்பாகிட்ட முதல்ல சொல்லு. கை ஓங்க மாட்டேன்" என்றார். அவள் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து, "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள்.