பால் பண்ணை அபாய மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரச் சான்றுக்காக எழுதும் அபாய மதிப்பீடு பல பண்ணைகளில் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. போன வருடத் தாளைப் பார்த்து இந்த வருடத் தாள். அப்படிச் செய்யாதீர்கள். கறக்கும் நேரத்தில் தீவனக் கொட்டகை, மருந்து அலமாரி, கறவைக்கூடம், பல்க் கூலர் (எல்லா மாட்டுப் பாலையும் சேர்த்துக் குளிர்விக்கும் தொட்டி) என்று வரிசையாக நடந்து பார்த்து எழுதுங்கள்.

பெரிய தவறு, ஓர் அபாயம் நடக்கும் வாய்ப்பையும் நடந்தால் வரும் பாதிப்பையும் பெருக்கி வரும் எண்ணை மட்டும் நம்புவது. 5 புள்ளி அளவில், மருந்து போட்ட மாட்டின் பால் கூலரில் கலப்பதற்கு வாய்ப்பு 1, பாதிப்பு 5, பெருக்கினால் 5. ஈத் தொல்லைக்கு 4, 2, பெருக்கினால் 8. எண்ணைப் பார்த்தால் ஈதான் முதலில் நிற்கும். ஆனால் ஆன்டிபயாடிக் கலந்த ஒரு மாட்டுப் பால் கூலர் முழுவதையும் கெடுக்கும். காய்ச்சினாலும் எச்சம் முழுதாகப் போகாது. ஆகவே பாதிப்பு 5 என்றாலே, பெருக்கல் எதுவானாலும் கட்டுப்பாடு கட்டாயம். அந்த மாட்டின் காலில் கலர் பட்டை கட்டி, கடைசியாகத் தனிக் கேனில் கறக்க வேண்டும். பாலை ஒதுக்கும் நாட்களைக் கடைசி டோஸிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல. மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும் மருந்து ட்யூப் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலும் ஒதுக்க வேண்டியதே. லேபிளைத் தாண்டி டோஸைக் கூட்டியிருந்தால் லேபிளில் உள்ள நாட்கள் போதாது; கால்நடை மருத்துவரிடம் கேட்டு நீட்டுங்கள். வழக்கமாகக் கறப்பவர் லீவு போடும் நாளில்தான் இது பெரும்பாலும் தவறும். அந்த நாளையும் மதிப்பீட்டில் எழுதுங்கள்.

பூஞ்சை கண்ணில் படவில்லை என்று தீவனத்துக்கு ‘அபாயம் குறைவு’ போடுவதும் தவறு. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் பூஞ்சை தெரியாமலே அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம். மாடு தின்ற ஒரு நாளுக்குள் அது அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். இந்தியாவில் பாலில் எம்1-க்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்; காய்ச்சினாலும் எம்1 அழியாது. நஞ்சு மூட்டைக்கு மூட்டை மாறும் என்பதால், ஒரே மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பி வாங்கும் ‘பாஸ்’ ரிப்போர்ட்டை நம்ப முடியாது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை மறுபார்வை போதாது. தீவன வியாபாரி, கறவையாள், மருந்து, தண்ணீர் எது மாறினாலும் அன்றே படிவத்தைத் திருத்த வேண்டும். ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகினால் கோடையில் போட்ட மதிப்பெண் செல்லாது.

கட்டுப்பாடு எழுதும் கட்டத்தில் ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்று நிரப்பாதீர்கள். யார், எப்போது பார்ப்பார், தவறினால் அந்தப் பாலை என்ன செய்வது என்ற மூன்றும் அங்கே இருக்க வேண்டும்.