பிறவுணிக்கு வெட்டிவேர் தேடப் பழக்கிய கதை

2010இலிருந்து மூன்று வருடம் வன்னியில் கண்ணிவெடி தேடும் நாய்களோடு வேலை பார்த்தேன். இப்போது வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். கூடவே பிறவுணி என்ற தெரு நாயும். வெடிமருந்து தேடுகிற வேலை அதற்கு இல்லை, ஆனால் நான் பழக்கிய முறை அங்கே கற்றதுதான். பிளாட்டுக்குள் அடைந்து கிடந்து சப்பாத்துக் கடிக்கிற நாய் உங்களிடமும் இருந்தால், இது உதவும்.

முதலில் மணம். நான் கராம்பில் தொடங்கி அவதிப்பட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் பிரியாணி வைத்தார்கள். பிறவுணி அவர்கள் கதவுக்கு முன்னால் போய் அமர்ந்தது, எழும்பவே இல்லை. அதன் மேல் பிழையில்லை. குசினியில் இல்லாத மணமாக எடுங்கள். புறக்கோட்டை கேபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. அங்கே கொஞ்சம் வெட்டிவேர் வாங்கினேன். கற்பூரம் வேண்டாம், நாய்க்கு நஞ்சு.

ஒரே மாதிரியான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஐந்து வாங்கி, மூடியில் ஊசியால் துளை போடுங்கள். ஐந்திலும் பஞ்சு வையுங்கள், ஒன்றில் மட்டும் வெட்டிவேரும். வேரை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், டப்பாக்களை மட்டும் ஐந்தையும் ஒரே மாதிரி கையால் தொட வேண்டும். இல்லாவிட்டால் நாய் வேரைத் தேடாது, உங்கள் கை மணத்தைத் தேடும். வேர் வைத்த டப்பாவைக் கழுவி வெறும் டப்பாவாகப் பாவிக்கவும் கூடாது. மணம் போய்விட்டது என்று நினைப்பது நாம்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை, எதிரியின் டாங்கிக்கு அடியில் வெடிமருந்தோடு ஓடச் சொல்லி நாய்களைப் பழக்கியது. பழக்கியது தங்களுடைய டீசல் டாங்கிகளை வைத்து. ஜேர்மன் டாங்கிகள் பெற்றோலில் ஓடின. களத்தில் விட்டபோது சில நாய்கள் பழகிய மணத்தைத் தேடிச் சோவியத் டாங்கிகளின் பக்கமே ஓடின. இன்னும் சில சூட்டுச் சத்தத்துக்குப் பயந்து பதுங்குகுழிக்கே திரும்பி வந்தன. நாய்களை அப்படிச் சாக அனுப்பியது ஒரு கொடுமை. அதோடு, நாய் படித்தது ஒன்று, ஆட்கள் படிப்பித்ததாக நினைத்தது இன்னொன்று.

சரி, வேலைக்கு வருவோம். காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். கொழும்பு வெயிலில் இளைக்கிற நாய் வாயால் மூச்சு விடும், மூக்கு வேலை செய்யாது. பத்து நிமிடம் போதும். முதலில் வேர் வைத்த டப்பாவை மட்டும் வையுங்கள். மூக்கு அதில் படும் அந்த நொடியில் “ஓம்” என்று சொல்லி, பரிசாகப் பந்தை டப்பாவுக்கு மேலேயே போடுங்கள். பிறவுணிக்குப் பந்து பிடிக்காது, கிழிந்த சொக்ஸ் ஒன்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் வெறும் டப்பாக்களையும் வரிசையில் சேர்த்து, இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

கண்டுபிடித்தால் அமர வேண்டும். காலால் பிராண்டக் கூடாது. கண்ணிவெடி நிலத்தில் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் பிராண்டினால் டப்பா உடையும், அவ்வளவுதான், ஆனாலும் விடாதீர்கள். பிராண்டினால் பந்து இல்லை. காத்திருங்கள், அமரும்.

இரண்டு வாரம் போனதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஐந்திலும் வேர் இல்லாமல் வைத்து, நானே வாரைப் பிடித்து நடத்தினேன். மூன்றாவதில் அமர்ந்தது. முந்தின நாள் வேர் இருந்தது மூன்றாவது இடத்தில்தான், எனக்கு அது நினைவில் இருந்தது. அங்கே வந்ததும் என் நடை தளர்ந்திருக்கும்.

2011இல் கலிஃபோர்னியாவில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போதைப்பொருளும் வெடிமருந்தும் தேடுகிற 18 நாய்கள், அவற்றை நடத்துபவர்கள். மணம் எங்கேயும் வைக்கவில்லை. ஆனால் நடத்துபவர்களிடம் வைத்திருப்பதாகச் சொல்லி, சில இடங்களைச் சிவப்புக் கடதாசியால் காட்டினார்கள். 144 தேடல்களில் 21 மட்டுமே ஒன்றும் இல்லை என்று சுத்தமாக முடிந்தன.

அதைப் படித்தபோது 2006இல் கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் நின்றது நினைவுக்கு வந்தது. நாயைப் பிடித்திருந்தவர் முதலில் என் அடையாள அட்டையைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அதில் இருந்தது. பிறகு என் பையருகே வந்து, வாரை இறுக்கிக்கொண்டு நின்றார். நாய் அமர்ந்தது. பையில் இருந்தது பனங்கட்டியும் ஒடியலும். நாலு மணித்தியாலம் ஒரு வாங்கில் இருந்தேன். நாயின் மேல் எனக்குக் கோபமில்லை, அது அழகான லாப்ரடோர்.

ஆகவே வெறும் வரிசையை அடிக்கடி வையுங்கள். கண்ணிவெடி நிலத்திலும் நாய் நடக்கும் இடத்தில் பெரும்பகுதி வெறும் மண்தான்; அமராமல் கடைசி வரை போவதும் வேலைதான், அதற்கும் பந்து கொடுக்க வேண்டும். ஒளித்து வைப்பது வேறு ஒருவராக இருக்கட்டும், எங்கே என்று உங்களுக்குத் தெரியவே கூடாது. எங்கள் வீட்டில் அக்கா ஒளிப்பார். அலுமாரிக்குக் கீழ், கதிரைக்குப் பின்னால், ஒருநாள் அரிசி வாளிக்குள். நாய் தேடும்போது அவரும் அறைக்குள் நிற்கக் கூடாது, அவர் முகத்தையும் பிறவுணி படித்துவிடும்.

வாரைத் தொய்வாக விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தபடி நிற்கிறேன். நகங்கள் சீமெந்துத் தரையில் கீறும் சத்தம் நின்றதும், “அலுமாரியில் அமர்ந்துவிட்டது, சரியா?” என்று குசினிப் பக்கம் கேட்பேன். அக்கா “ஓம்” என்றால்தான் சொக்ஸ்.