ஷட்டவுன் சமயத்தில் அமெரிக்கத் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டுமா? படிப்படியாகத் திட்டமிடும் முறை

செலவு மசோதாக்கள் நேரத்துக்கு நிறைவேறாமல் அமெரிக்க அரசின் பணிகள் முடங்குவதைத்தான் ஷட்டவுன் என்கிறார்கள். வாஷிங்டனில் பட்ஜெட் இழுபறி தொடங்கினால் போதும், "பூங்கா எல்லாம் பூட்டிடுவாங்களாமே" என்று ஒருவரும் "கட்டணமே இல்லாம உள்ளே போகலாமாம்" என்று இன்னொருவரும் சொல்வார்கள். இரண்டுமே நடந்திருக்கிறது. 2013 அக்டோபரில் 16 நாள் முடக்கம் வந்தபோது தேசியப் பூங்காச் சேவையின் 401 இடங்களையும் மூடினார்கள். 2018 டிசம்பர் 22இல் தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கத்தில் பெரும்பாலான பூங்காக்களை ஆளில்லாமல் திறந்தே விட்டார்கள். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் நீடித்த முடக்கத்தில் சாலைகளும் டிரெயில்களும் (நடைபாதைகள்) காட்சிமுனைகளும் பொதுவாகத் திறந்திருந்தன, கட்டடங்களுக்குப் பூட்டு. சுமார் 14,500 ஊழியர்களில் 9,296 பேரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பும் திட்டத்தோடு அது தொடங்கியது.

ஒவ்வொரு முறையும் முடிவு மாறுகிறது. அதனால் போன தடவை எப்படி இருந்தது என்பதை வைத்துக் கிளம்பாதீர்கள். கீழே உள்ள வரிசையில் சரிபாருங்கள்.

படி 1: எந்த மசோதா நின்றிருக்கிறது?

அமெரிக்க அரசுக்கான வருடாந்தரப் பணம் 12 மசோதாக்களாகப் பிரிந்து வருகிறது. பூங்காக்களுக்கானது உள்துறை மசோதா. வனச் சேவை வேளாண் துறையின் கீழ் இருந்தாலும், அதற்கான பணமும் இந்த உள்துறை மசோதாவில்தான் வருகிறது. ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிகளுக்கும் முகாம்களுக்கும் எரிசக்தி-நீர் மசோதா. 2018இல் அந்த மசோதா முன்பே நிறைவேறிவிட்டதால், பூங்காக்கள் ஆளின்றிக் கிடந்த அதே வாரங்களில் பொறியாளர் படையின் ஏரிக்கரைகள் வழக்கம்போல இயங்கின. செய்தியில் "ஷட்டவுன்" என்று பார்த்ததும் பதறாமல், உள்துறை மசோதா நிறைவேறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். நிறைவேறியிருந்தால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

படி 2: நிலம் யாருடையது?

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரே டிரெயில் மூன்று நிர்வாகங்களின் நிலத்தைக் கடந்து போகலாம். கணினியில் கால்டோப்போ என்ற இணைய வரைபடத்தைத் திறந்து, நிலம் யார் நிர்வாகத்தில் என்று காட்டும் அடுக்கை இயக்குங்கள். இந்த வேலைக்குக் கயா ஜிபிஎஸ் வரைபடச் செயலியைவிடக் கால்டோப்போதான் என் தேர்வு. பெரிய திரையில் எல்லைக்கோடுகள் தெளிவாகத் தெரியும். டிரெயிலை மட்டும் பார்த்தால் போதாது. கார் நிறுத்துமிடம், அதற்குப் போகும் சாலை, நடுவில் வரும் கழிப்பறை, போய்ச் சேரும் இடம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள டமால்பையஸ் மலையை எடுத்துக்கொள்வோம். பேன்டோல் நிறுத்துமிடம் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்டீப் ரவீன் வழியாக, அங்குள்ள மர ஏணியில் இறங்கி, ஸ்டின்சன் கடற்கரைக்கு நடந்து, மேட் டேவிஸ் டிரெயிலில் திரும்பி ஏறினால் சுமார் 7 மைல். நடை பெரும்பாலும் மாநில நிலத்தில்தான். ஆனால் ஸ்டின்சன் கடற்கரையும் அங்குள்ள நிறுத்துமிடமும் கழிப்பறைகளும் தேசியப் பூங்காச் சேவையுடையவை. ஆகவே காரைப் பேன்டோலில் விடுங்கள், கடற்கரையில் கழிப்பறை திறந்திருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். அதே மலையின் இன்னொரு சரிவில் உள்ள மியூர் உட்ஸ் முழுக்கக் கூட்டாட்சி நிலம்.

நிலம் யாருடையது என்று தெரிந்ததும் பாதிக் கவலை தீரும். மாநிலப் பூங்காக்களை ஷட்டவுன் தொடாது: யூட்டா மாநிலத்தின் மோவாப் பக்கம் கேன்யன்லேண்ட்ஸுக்குப் பதில் டெட் ஹார்ஸ் பாயின்ட், சியானுக்குப் பதில் ஸ்னோ கேன்யன். நவாஹோ மக்களின் மான்யுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் பழங்குடி நிர்வாகத்தில் உள்ளவை. ஹார்ஸ்ஷூ பெண்ட் நிறுத்துமிடத்தைப் பேஜ் நகராட்சி நடத்துகிறது.

படி 3: உள்ளே போக ஆள் தேவையா?

ரேஞ்சர் (பூங்கா ஊழியர்) கூட வந்தால்தான் பார்க்க முடியும் என்றால் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மேசா வெர்டேயில் கிளிஃப் பேலஸ், பால்கனி ஹவுஸ் இரண்டும் இந்த வகை. ரெட்வுட்டில் டால் ட்ரீஸ் தோப்புக்குப் போகும் சாலையில் எண்பூட்டுக் கதவு உண்டு, அனுமதி கிடைத்தால்தான் எண் வரும். அதை நம்பிப் பயணம் போடாமல், மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டவுட் தோப்புக்குப் போகலாம். மரங்கள் அங்கும் அதே கம்பீரம்தான்.

படி 4: தகவலை வேறு இடத்தில் தேடுங்கள்

பூங்காவின் இணையப் பக்கத்தில் "திறந்துள்ளது" என்று இருக்கும். ஆனால் அது முடக்கத்துக்கு முந்தைய நாள் எழுதியதாக இருக்கலாம். மரம் விழுந்ததா, பாலம் போனதா என்று யாரும் அதில் புதுப்பிக்க மாட்டார்கள். தேசிய வானிலைச் சேவை முடக்கத்திலும் வேலை செய்கிறது, அதன் கணிப்பை நம்பலாம். நெடுஞ்சாலை நிலவரத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் 511 தகவல் சேவை. பூங்காவுக்கு உள்ளே உள்ள சாலையைப் பற்றி 511 பல நேரம் சொல்லாது, அதற்கு நுழைவாயில் ஊரில் உள்ள ஒரு விடுதிக்கோ உபகரணக் கடைக்கோ போன் போட்டுக் கேளுங்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அன்று காலை யார் உள்ளே போய் வந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சில நேரம் மாநிலமே பணம் கொடுத்துத் திறக்க வைக்கும். 2013இல் அரிசோனா நாளொன்றுக்கு 93,000 டாலர் கட்டி கிராண்ட் கேன்யனைத் திறக்க வைத்தது. 2025இல் கிரேட் ஸ்மோக்கி மலைக்குச் சுற்றுவட்டார ஊர்கள் நிதி போட்டன. இந்தச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில்தான் முதலில் வரும்.

படி 5: கழிப்பறை, தண்ணீர், குப்பை

முடக்கத்தில் முதலில் சீர்கெடுவது கழிப்பறைதான். குழிக் கழிப்பறையை வண்டி வந்து உறிஞ்சி எடுக்காவிட்டால் சில நாளில் நிரம்பிவிடும். 2019 ஜனவரி 2ஆம் தேதி ஜோஷுவா ட்ரீயின் முகாம்களை மூடியதற்கு முக்கியக் காரணம் அதுவே. யோசெமிட்டியிலும் மனிதக் கழிவால் சில பகுதிகளை மூட வேண்டி வந்தது.

ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கழிவுப்பை எடுத்துச் செல்லுங்கள். ரெஸ்டாப் போன்ற பைகளில் உள்ளே ஒரு தூள் இருக்கும், ஈரம் பட்டதும் கூழாகி நாற்றத்தை அடக்கும். பயன்படுத்தியதும் உள்பையை முடிந்து, வெளிப்பையின் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். காற்று இருந்தால் முதுகுப்பைக்குள் அழுந்தும்போது வாய் பிளந்துகொள்ளும். ஊருக்குத் திரும்பியபின் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடலாம். பூங்காவுக்குள் நிரம்பி வழியும் தொட்டி மேல் வைக்காதீர்கள், கரடி அதைக் கிழித்து இறைத்துவிடும்.

பை இல்லாமல் காட்டில் குழி தோண்டுவதென்றால் 6 முதல் 8 அங்குல ஆழம், தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தூரம். காகிதத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். பாலைவனத்தில் இந்த முறை சரிவராது, வறண்ட மண்ணில் கழிவு எளிதில் மக்காது.

தண்ணீர்க் குழாய்கள் பூட்டியிருக்கலாம். பாலைவனப் பூங்காவுக்கு ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், அதற்கு மேல் காரில் ஒரு கேன் கூடுதலாக.

படி 6: உதவி தாமதமாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்

அவசர உதவி எண் 911 வேலை செய்யும், மீட்புப் பணியாளர்களை விடுப்பில் அனுப்புவதில்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு, டிரெயிலில் ரோந்து வருபவர் இல்லை. நீங்கள் வழக்கமாக நடக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் திட்டமிடுங்கள். திரும்பும் நேரத்தை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, அது இருப்பது நல்லது. பள்ளத்தாக்கில் நடப்பவர்களுக்கு நான் சொல்வது கார்மின் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்திக் கருவி: பேட்டரி நிற்கும், இருவழிச் செய்தி போகும். சந்தாவை வீட்டிலேயே இயக்கி, திறந்த வெளியில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.

யோசெமிட்டியில் இரவு காட்டில் தங்குபவர்கள் கரடிப் பெட்டியை (கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி) சொந்தமாகவோ ஊரில் வாடகைக்கோ எடுத்துச் செல்லுங்கள். பூங்காவின் வாடகை மையத்தை நம்ப முடியாது.

படி 7: பர்மிட்டும் முன்பதிவும்

வாயிலில் ஆள் இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகிவிடாது. யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையில் ஏறும் கம்பிவடத்துக்கும் சியானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கும் பர்மிட் வேண்டும். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. ஹாஃப் டோமில் ஒரு நாளைக்கு 300 பேர் என்று வைத்திருப்பது அந்தக் கம்பிவடத்தில் நெரிசல் உயிரை வாங்கும் என்பதற்காக. தயவுசெய்து அதை மீறாதீர்கள்.

முகாம் முன்பதிவை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் நீங்களே ரத்து செய்தால் 10 டாலர் பிடிப்பார்கள். முகாமை அவர்களே மூடினால் பணம் திரும்பி வரும். ஆனால் வருகைக்கு முந்தைய நாளோ அன்றோ நீங்கள் ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போய்விடும். எனவே இரண்டு நாள் முன்பு வரை காத்திருந்து முடிவெடுங்கள்.

பிற்சேர்க்கை: "முடக்கம் முடிந்த மறுநாளே போகலாமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சாலையும் டிரெயிலும் சரி. ஆனால் கழிப்பறை உறிஞ்ச வேண்டும், தண்ணீரைச் சோதிக்க வேண்டும், பனிக்காலமாக இருந்தால் தேங்கிய பனியைத் தள்ள வேண்டும். முதல் வாரத்துக்குப் படி 5இல் சொன்ன பொருள்களைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.